முடிப்பையின் பின்பக்கம்

எங்கள் வீட்டு இட்லிப் பானைக்கு முப்பத்தொரு வயது. அடிகனமான எவர்சில்வர். ஒரு நெளிசல் இல்லை, கைப்பிடி ஆடவில்லை. முதுநகரில் நான் வாழவந்த முதல் வருஷம், வாசலில் வந்த பாத்திரக்காரனிடம் பழைய துணி போட்டு வாங்கியது. அந்தத் துணி மூட்டையோடு என் மாமனாரின் முடிப்பையும் போய்விட்டது. போய்விட்டது என்று எழுதுகிறேன் பாருங்கள், அதுவாகக் கால் முளைத்து நடந்து போன மாதிரி. நான்தான் எடுத்துப் போட்டேன்.

முடிப்பை என்பது மாமா வைத்த பெயர். ஸ்காட்லாந்துக்கார ஆண்கள் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, இடுப்புக்கு முன்னால் சங்கிலியில் ஒரு தோல் பையைத் தொங்கவிடுவார்கள். ஸ்போரன் என்று அதற்குப் பெயர். பாவாடையில் பாக்கெட் கிடையாதே, சில்லறை வைக்க ஓர் இடம் வேண்டுமில்லையா. பேண்டு வாசிக்கிறவர்கள் மாட்டுவது பெரிய அளவு. மேலே பிறை மாதிரி வளைந்த ஓர் உலோகத் தலைப்பு. அதிலிருந்து முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் குதிரைமுடி. அந்த வெள்ளையின் மேல் இரண்டு கறுப்புக் குஞ்சங்கள். மாமா ராணுவத்தில் பைப் வாசித்தவர், அக்குளில் ஒரு காற்றுப்பையை இடுக்கிக்கொண்டு ஊதுவார்களே, அது. வெள்ளைக்காரன் போகும்போது துப்பாக்கியை மட்டுமா விட்டுவிட்டுப் போனான், இந்தப் பாவாடை பேண்டையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போனான். மாமா ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பியபோது அவருடைய பேண்டு மாஸ்டர் தன் சொந்த முடிப்பையைக் கழற்றி இவரிடம் கொடுத்திருக்கிறார். அசல் ஸ்காட்லாந்துச் சரக்கு. ஊருக்கு வந்தபின் மாமா இங்கேயே ஒரு பேண்டு செட்டில் சேர்ந்து கல்யாணம், மாதா கோயில் தேர்பவனி, பெரிய மனிதர்களின் சாவு எல்லாவற்றுக்கும் அதை மாட்டிக்கொண்டு போவார். தெருப் பிள்ளைகள் ஆட்டுத்தாடி என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுமாம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. நான் வந்தபோது வீட்டில் மாமியார் இல்லை. என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே தவறிவிட்டார். அத்தை என்று கூப்பிடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு ஆம்பளைகள் மட்டும் இரண்டு வருஷம் குடியிருந்த வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இது என்ன, இது யாருடையது, இதைத் தொடலாமா என்று கேட்க ஒரு பெண்பிள்ளை கிடையாது. நானே ராஜா நானே மந்திரி என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிப் போட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில் பச்சை உடுப்புக்குக் கீழே வெள்ளையாக ஏதோ முடி தெரிந்தது. ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து விளக்குமாற்றுக் குச்சியால்தான் தூக்கினேன்.

அன்றைக்குப் பார்த்தா பாத்திரக்காரன் வரவேண்டும்.

"பேண்ட்டு நாலு போதாதும்மா. இன்னும் ஏதாச்சும் போடுங்க" என்றான். நான் இதைக் காட்டினேன். உலோகத் தலைப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "இத்தயும் சேத்தீங்கன்னா இந்தப் பானய எடுத்துக்கோங்க" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பானையைக் கழுவி, துடைத்து, அடுப்படியில் நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்தேன்.

மாமா அடுத்த வாரக் கல்யாணத்துக்கு உடுப்பைத் துவைக்கப் போட வேண்டும் என்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தார். "அம்மாடி, இதுல ஒரு பை இருந்துச்சே" என்றார். நான் பெருமையாகப் பானையைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பாத்திரக்காரன் பண்ருட்டிப் பக்கத்து ஆள் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போயிருக்கிறார். பலாப்பழ மண்டிகளுக்கு நடுவே தெருத்தெருவாக விசாரித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஆளு கெடைக்கலம்மா. விடு. நீ சாப்புட்டியா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாள் திட்டியிருக்கலாம், ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கலாம். நான் அழுது தீர்த்திருப்பேன், அதோடு போயிருக்கும். மனுஷர் திட்டவில்லை. அதற்குப் பிறகு சாதாரண பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு சில வருஷம் வாசித்தார், பிறகு மூச்சு போதவில்லை என்று விட்டுவிட்டார். அந்தப் பானையில் வெந்த இட்லியைத் தினமும் காலையில் மூன்று என்று கணக்கு வைத்துச் சாப்பிட்டார். முப்பது வருஷம் ஒரு வார்த்தை இல்லை.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தேறியது, நினைவு தேறவில்லை. வயசு ஆயிடிச்சு, இனிமே இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களையெல்லாம் அடையாளம் தெரிகிறது. காலம்தான் அவருக்குக் குழம்பிவிட்டது. வாசல் கிரில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்ததும் முதல் கேள்வி:

"பாத்திரக்காரன் வந்தானா?"

"இல்ல மாமா."

"இந்தப் பக்கம்தான வருவான்?"

"வருவான் மாமா."

"வந்தா புடிச்சி வெய்யி. நான் பேசிக்கிறேன்."

ஒருநாள் இரண்டு நாள் இல்லை. தினமும். ஞாயிற்றுக்கிழமையில் நாலைந்து தடவை. வெயிலானாலும் மழைச்சாரல் அடித்தாலும் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட விடமாட்டார், அவன் போய்விடுவான் என்பார். பண்ருட்டிக்குப் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலத்திலேயே அவர் மாட்டிக்கொண்டுவிட்டார். கொண்டுபோய் மாட்டியவள் நான். அவர் கண் மூடுவதற்குள் அந்தப் பையை அவர் மடியில் வைத்துவிட வேண்டும், அந்தக் காத்திருப்பை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

பாத்திரக்காரனை எங்கே போய்த் தேடுவது? பையைத்தான் தேட முடியும். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். அவர்தான், எல்லாமே நெட்டில் கிடைக்கிறது, இது கிடைக்காதா என்று ஆரம்பித்துவைத்தார். ஆரம்பித்துவைத்துவிட்டு அவர் இன்ஜினைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சிதம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருஷமாக நோட்டீஸ் அடிக்கிறேன். முதுநகரிலிருந்து காலையில் பாசஞ்சர், சாயங்காலம் கிடைத்த வண்டி. அந்த ரயில் பயணம் முழுக்க, சாப்பாட்டு வேளை முழுக்க, போனில் ஸ்போரன்தான். பழைய ஸ்போரன் என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. எதிர் சீட்டில் உட்காருகிற பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா இது, சவுரி முடியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் பரங்கிப்பேட்டை தாண்டிவிடும்.

முதலில் வாங்கியது ஏமாற்றுச் சரக்கு. பழையது, அபூர்வமானது என்றெல்லாம் எழுதியிருந்தான். பிரித்தால் குப்பென்று ரப்பர் செருப்பு வாசனை. முடியில் ஒன்றைப் பிடுங்கி ஊதுபத்தி நுனியில் வைத்தேன். உருகிச் சொட்டியது. நைலான். குதிரைமுடியாக இருந்தால் பொசுங்கி, தலைமுடி கருகிய நாற்றம் வரவேண்டும். மாமா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிராமா செட்டு" என்று சொல்லிக் கீழே போட்டார். அப்போது அவருக்குப் புத்தி கத்தி மாதிரி வேலை செய்தது.

அதற்குப் பிறகு நான் பாடம் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. குதிரைமுடி முரடு, ஆட்டுமுடி மெத்து. பழையதில் முடி கொத்துக் கொத்தாகக் கையால் தைக்கப்பட்டிருக்கும், புதியதில் மெஷின் தையல் ஒரே சீராக ஓடும். பழைய தலைப்பின் விளிம்பு விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும். பூ வேலையின் பள்ளத்தில் பாலிஷ் காய்ந்து கறுத்திருக்கும். குஞ்சத்தின் மேலே உள்ள உலோகக் குப்பியில் ஒட்டுப்போட்ட கோடு தெரியும். கடல்நாய்த் தோலில் செய்ததும் உண்டு, அது நம் ஊருக்கு வரவே வராது, சட்டம் இருக்கிறது. விற்கிறவன் எழுதியதை நம்பாதே, படத்தை மட்டும் பார். அன்னியோன்னியமாகப் பழகிய நாற்பது ஐம்பது பைகளின் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது வாங்கியது அசல். அதில் சந்தேகமே இல்லை. கஸ்டம்ஸ்காரர்கள் இது என்ன மிருகத்து முடி என்று கேட்டு ஒரு காகிதம் அனுப்பி, நான் குதிரை என்று எழுதிக் கொடுத்து, ஒரு வழியாக வந்து சேர்ந்தது. மாமா மடியில் வைத்தேன். முடியைக் கோதினார். தலைப்பைத் தடவினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்துத் தோலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னுது இல்லம்மா."

"எப்பிடி மாமா சொல்றீங்க?"

"பின்னாடி பொட்டு இல்லியே."

எனக்குப் புரியவில்லை. என்ன பொட்டு என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆயுத பூசைக்கி உங்கத்த வெப்பா. பைப்புக்கு வெப்பா, அதுக்கப்புறம் இதுக்கு. முன்னாடி வெச்சா முடியில ஒட்டிக்கும்னு பின்னாடி வெப்பா. மூணு. வருசா வருசம் அதே எடத்துல. குங்குமத்த எண்ணெயில கொழச்சி வெப்பா, தோலுல ஊறிப் போச்சி. இடுப்புல கட்டுனா அது என் வயித்துல வந்து படும்."

இதைச் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். முப்பத்தொரு வருஷமாக ஒரு பையைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றுதான் எனக்கு வருத்தம். வேறு பை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எண்ணம். நான் போட்டது பையை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கண்ணால் பார்க்காத என் அத்தையின் விரல் பட்ட இடம் அது. அந்த மனுஷர் அதற்காகத்தான் பண்ருட்டி முழுக்க அலைந்திருக்கிறார். அதைக்கூட என்னிடம் சொல்லாமல் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார். அடுப்பில் பானை கொதித்துத் தண்ணீர் வற்றி அடிபிடிக்கும் வரைக்கும் நான் அப்படியே நின்றிருக்கிறேன்.

அன்று முதல் நான் முன்பக்கத்தைப் பார்ப்பதை விட்டேன். பின்பக்கம் மட்டும்தான். விற்கிறவர்கள் யாரும் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுவதில்லை. எல்லாருக்கும் எழுதிக் கேட்டேன். சிலர் அனுப்பினார்கள், சிலர் வாங்கப் போகிறாயா இல்லையா என்று எரிந்து விழுந்தார்கள். எத்தனை தோல் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வார் உரசித் தேய்ந்த தோல், வேர்வைக் கறை படிந்த தோல், யாரோ பேனாவால் பெயர் எழுதிய தோல். யார் யார் வயிற்றிலோ பட்டுக் கிடந்ததையெல்லாம் நான் சிதம்பரம் ஆபீஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன். உலகத்தில் இப்படி ஒரு பொழைப்பு வேறு யாருக்காவது இருக்குமா தெரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அது கிடைத்தது.

ஸ்காட்லாந்தில் ஒருவர், செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கிறவர் போலிருக்கிறது. பழைய குதிரைமுடி ஸ்போரன், நல்ல நிலை, பின்புறத்தில் சிறிது கறை உண்டு என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு வரி: மறைந்த உரிமையாளர் பல வருஷங்களுக்கு முன் இந்தியாவில் பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போனபோது ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது. பண்ருட்டிக்கும் பாண்டிக்கும் என்ன தூரம்? பாத்திரக்காரன் கொண்டுபோய்ப் போட்டிருப்பான், கடைக்காரன் வெள்ளைக்காரன் தலையில் கட்டியிருப்பான். கடைசிப் படம் பின்பக்கம். கை ஆடிய படம், மங்கல். அந்தப் பழுப்புத் தோலின் நடுவே, வரிசையாக, கறுஞ்சிவப்பில் மூன்று புள்ளி.

யோசிக்கவில்லை. வாங்கு என்ற பட்டனை அழுத்திவிட்டேன். எங்கள் தகுதிக்கு அது பெரிய தொகைதான், ஆனால் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பொட்டு வைத்தது அம்மா கை என்றால் வாங்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்சல் வரும்வரை அந்த மூன்று பொட்டையும் தெளிவாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அரித்தது. படம் கேட்டு எழுத உட்கார்ந்தேன். இங்கேதான் நான் செய்த காரியம். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வக்கீல் நோட்டீஸ் இங்கிலீஷ். இருபத்தாறு வருஷம் அதைத் தவிர வேறு எதையும் நான் அந்த பாஷையில் எழுதியது கிடையாது. கை தானாக ஓடியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கள் விளம்பரத்தில் கண்ட பொருளின் பின்புறத்தில் சிவப்பு நிறக் கறைகள் மூன்று காணப்படுவதால், மேற்படி கறைகளின் தன்மை மற்றும் காரணம் குறித்துத் தெளிவான புகைப்படங்களுடன் மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அது என் மாமியார் வைத்த பொட்டு, தயவுசெய்து தொடாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் வீட்டு விஷயத்தை எதற்குச் சொல்வது என்று ஒரு கூச்சம். கறை என்று எழுதினேன். என் கையாலேயே அதைக் கறை என்று டைப் அடித்தேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. அன்பான பதில். அன்புள்ள அம்மையீர், கறையைப் பற்றி நான் இன்னும் விவரமாக எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். குதிரைச் சேணம் துடைக்கும் சோப்பு போட்டு முழுவதும் சுத்தம் செய்துவிட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று, பிடிவாதமான கறை. பிறகு மெழுகும் பூசியிருக்கிறேன். இப்போது அடையாளமே தெரியாது. இதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். இந்தியாவில் அது மீண்டும் நன்றாகப் பயன்படட்டும்.

கூடவே படம். இந்தத் தடவை கை ஆடாமல், பளிச்சென்று எடுத்திருந்தார். தோல் மழமழவென்று மின்னியது. ஒன்றுமே இல்லை.

நான் எழுந்து வக்கீல் சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். அவர் படத்தையும் கடிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "பொருள சுத்தம் பண்ணிக் குடுத்துட்டான்னு எந்தக் கோர்ட்டுலம்மா கேஸ் போட முடியும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. யார் மேலாவது கோபப்படலாம் என்றுதான் நான் அவரிடம் போனேன். யார் மேல் கோபப்படுவது? அந்த மனிதர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். பிடிவாதமான கறை என்று வேறு எழுதியிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் என் அத்தை வைத்தது, முப்பது வருஷம் போகாமல் இருந்தது, என் ஒரு நோட்டீஸில் போயிற்று. நன்றி என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது?

பார்சல் ஒரு மாதம் கழித்து வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நான் பையை எடுத்து உதறி, முடியைச் சீப்பால் வாரி, மாமாவின் மடியில் வைத்தேன். மனதுக்குள் ஒரு நப்பாசை, முன்பக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று.

அவர் கை நேராகக் குஞ்சத்துக்குப் போனது. இடது குஞ்சத்தைத் தூக்கி, அதன் குப்பியைக் கட்டைவிரலால் ஒரு சுழற்று சுழற்றினார். யாரும் சொல்லித்தராமல் கைக்கே தெரிந்த மாதிரி இருந்தது. அவருடைய விரல்கள் முடியின் மேல் ஒவ்வொன்றாக எழும்பி இறங்கின, பைப் வாசிக்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் என் தோளை அழுத்தினார். பிறகு மாமா அதைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். தடவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரல்கள் நின்றுவிட்டன.

"யாருதோ இது" என்றார். "நல்லா வெச்சிருக்காங்க. திருப்பிக் குடுத்துடும்மா. பாவம், தேடுவாங்க."

என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"பாத்திரக்காரன் வந்தானா?"

"இல்ல மாமா."

இரண்டு நாள் பை அலமாரியில் கிடந்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "அதே பைதான. பொட்டுதான இல்ல. நீயே வெச்சிடேன்." எனக்கு மனசு ஒப்பவில்லை. அத்தை இடத்தில் நான் விரலை வைப்பதா? "அவருக்கு அது தெரிஞ்சா போதும்டி. எத்தினி நாளு அவரு வெயில்ல ஒக்காந்து தெருவப் பாப்பாரு?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நானும் அதற்குத்தானே இத்தனை பாடுபட்டேன்.

சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்தேன். அந்த மங்கலான பழைய படத்தைப் போனில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அத்தையின் மூன்று பொட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எது கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, மோதிர விரலால் வைத்தேன். நடுப்பொட்டு கொஞ்சம் பெரிது. அத்தைக்கு நடுவில்தான் அழுத்தம் ஜாஸ்தி போலிருக்கிறது. மெழுகு பூசிய தோல் குங்குமத்தை உறிஞ்சவில்லை, மேலாகவே நின்றது. மறுநாள், காய்ந்தபின் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். காயவிடும் பொறுமை எனக்கு எங்கே இருந்தது?

அப்போது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மாமா கிரிலுக்குப் பக்கத்தில் இருந்தார். மடியில் வைத்தேன். இந்தத் தடவை அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை மெதுவாக நடுப்பொட்டின் மேல் வைத்தார். எடுத்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிவப்பு.

மாமா சிரித்தார். விழுந்த நாளிலிருந்து நான் அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முடிந்தது, அப்பாடா, முடிந்தே விட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"இன்னிக்கி ஆயுத பூசையா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

"இன்னும் காயக்கூட இல்ல பாரு. இப்பத்தான் வெச்சிட்டுப் போயிருக்கா." விரலை என்னிடம் காட்டினார். பிறகு என் தலைக்கு மேலாக வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க அவ? கூப்புடும்மா."

என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமா பாத்திரக்காரனைப் பற்றிக் கேட்கவே இல்லை. நாற்காலியைத் தெருப்பக்கத்திலிருந்து அடுப்படிப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். முடிப்பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். குங்குமம் அவர் வேட்டியெல்லாம் அப்பிவிட்டது. பொட்டு அழிந்துவிட்டால் வருத்தப்படுவாரே என்று நான் தினம் காலையில் அவர் எழுவதற்கு முன் புதிதாக வைத்துவிடுகிறேன். வைக்காமல் விடவும் எனக்குத் தைரியம் இல்லை. அவர் தொடும்போதெல்லாம் அது ஈரமாக இருக்கிறது.

நேற்றும் நான் சிதம்பரத்திலிருந்து வந்து கேட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மாடி, உங்கத்த வந்துட்டாளா?"

"கடைக்குப் போயிருக்காங்க மாமா" என்றேன். "வர்ற நேரந்தான்."